வேண்டாம் என்று சொல்கிற இடத்துக்கே கொடுங்கள்

அம்மா வீட்டு இரும்பு பீரோ மாடிக்கு ஏறிய காலத்தில் பால்கனிக்குக் கம்பி கிடையாது. கயிறு கட்டி வெளியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். பிறகு திருட்டுப் பயம் வந்து கம்பி வைத்தாயிற்று. படிக்கட்டு திரும்பும் இடத்தில் குறுகல். சென்னை நங்கநல்லூரில் அந்த வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க எங்களுக்கு இருந்த 25 நாளும் வீட்டுப் பேச்சில் அதிகம் அடிபட்டது இந்த பீரோதான்.

அம்மா எங்களோடு வந்துவிட்டார். கூட வந்தவை இரண்டு பெட்டி, குத்துவிளக்கு, அப்பாவின் மூக்குக்கண்ணாடி. மிச்சம் கிடந்தவை தையல் மெஷின், கல் கிரைண்டர், பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பழைய டிவி, பிரிட்ஜ், இலவம்பஞ்சு மெத்தை மூன்று, பித்தளை அண்டா, அப்பா கடைசி இரண்டு வருடம் உபயோகித்த சக்கர நாற்காலி, வாக்கர், மூட்டை மூட்டையாகத் துணி, ஒரு அலமாரி நிறையப் புத்தகம். "யாருக்காவது கொடுத்துடுப்பா" என்றார் அம்மா. அந்த "யாருக்காவது" யார் என்று தேடி அலைந்த கணக்குத்தான் இது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு அலைச்சல் கொஞ்சம் குறையும்.

முதலில் போனது இரண்டு தெரு தள்ளி இருக்கும் சமூகக் கூடத்துக்கு. குடியிருப்போர் சங்கம் நடத்துவது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன், பகலில் பெண்களுக்குத் தையல் வகுப்பு, எப்போதாவது கண் பரிசோதனை முகாம் நடக்கும். பொறுப்பில் இருந்த அம்மா என் பட்டியலை வாங்கி, பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். "மெத்தை வேண்டாம் சார், தலையணை வேண்டாம். டிவி எங்களுக்கு எதுக்கு? புடவை வேண்டாம். தையல் மெஷின் ஓடுதா? பெல்ட் இருக்கா? மோட்டார் வெச்சதா, காலால மிதிக்கிறதா?" பதினேழு வரியில் நான்கு மிஞ்சியது. கொடுக்க வந்தவனிடம் இவ்வளவு கறாரா என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது, மறைப்பானேன்.

அடுத்து ஒரு இல்லத்துக்குப் போன் செய்தேன். அங்கே குரலே இனித்தது. "எது இருந்தாலும் கொண்டு வாங்க சார், எல்லாம் உபயோகப்படும்." நேரில் போனால் வராந்தா முழுக்கத் துணி மூட்டை. போன மழையில் நனைந்த மூட்டைகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. அங்கே உண்மையில் தட்டுப்பாடாக இருந்தவை பெரியவர்களுக்கான டயப்பர், அரிசி, தண்ணீர் மோட்டாருக்கு ஒரு மெக்கானிக். அதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். மாதத்துக்கு ஒருமுறை காயலான் கடைக்காரர் வந்து மூட்டைகளை எடைக்கு எடுத்துப் போவாராம். அப்படியானால் நான் டெம்போ வாடகை கொடுத்துத் துணியை அங்கே கொண்டுபோவதும், என் தெருக் காயலான் கடையிலேயே போட்டுவிட்டு அந்தப் பணத்துக்கு டயப்பர் வாங்கித் தருவதும், அவர்கள் கணக்கில் ஒன்றுதான். என் கணக்கில் இரண்டாவது வழி மலிவு.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்ட அளவுகோல் இதுதான். எதையாவது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம், தன் தேவையைத் தெரிந்து வைத்திருக்கிற இடம். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிற இடத்தில் நம் பொருள் குப்பையாக மாறும் வேலை மட்டும் அவர்கள் தலையில் விழுகிறது. பிறகு பார்த்த ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலில்தான் எடை போட்டேன்.

துணியைத்தான் மக்கள் அதிகம் கொடுக்கிறார்கள், அதிகம் வீணாவதும் அதுதான். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். லாரி லாரியாக வந்த பழைய துணி ரோட்டோரமெல்லாம் இறைந்து கிடந்தது. வீடு வாசலை இழந்த மீனவக் குடும்பங்கள் அடுத்தவர் உடுத்திக் கழித்த துணியைத் தொடவில்லை. அது அவர்கள் தவறு இல்லை. கடலோரத்தில் வலையோடு நிற்கும் பெண்ணுக்குக் கம்பளிச் ஸ்வெட்டரும் ஜிகினா வைத்த கவுனும் அனுப்பியவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

கூஞ்ச் அமைப்பைப் பற்றிச் சொல்வதானால் இங்கேதான் சொல்ல வேண்டும். 1999ல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கியது. 2015ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பழைய துணியைச் சென்னையிலும் பெற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்தது தரம் பிரிக்கிற வேலைதான். புடவை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம், உடுத்த முடியாத பருத்தித் துணி இன்னொரு பக்கம் என்று போகும். அந்தப் பருத்தியைத் துவைத்து, வெட்டி, மாதவிடாய்க்கான துணி நாப்கினாகத் தைக்கிறார்கள். நல்ல துணியும் கிராமத்தில் இனாமாகப் போவதில்லை. குளம் தூர்வாருவது, பாதை போடுவது என்று ஊர்க்காரர்களே தங்கள் ஊருக்காகச் செய்யும் வேலைக்கு ஈடாகப் போகிறது. வாங்குகிறவர் கை நீட்டவேண்டிய அவசியமில்லை. சிரமம் என்னவென்றால், துவைத்து மடித்து நாமே அவர்கள் வாங்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பொருளோடு கொஞ்சம் பணமும் தரச் சொல்வார்கள். பழசைக் கொடுப்பதற்குக் காசு வேறா என்று என் மைத்துனர் கேட்டார். பிரிக்கவும் ஏற்றி அனுப்பவும் ஆள் கூலி யார் தருவது? எங்கள் மூட்டைகளில் முக்கால்வாசி அங்கேதான் போயின.

முன்பெல்லாம் இந்தக் கேள்வியே எழாது. "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூடையோடு ஒரு அம்மா வருவார். ஜரிகைப் புடவைக்கு எவர்சில்வர் தூக்கு, நாலு பேண்ட்டுக்கு ஒரு கிண்ணம் என்று அரை மணி நேரம் பேரம் நடக்கும். அவர் பேண்ட்டின் முழங்காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது வேணாம்மா, நைஞ்சு போச்சு" என்று திருப்பித் தருவார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்! அந்தத் துணி கிழிசல் தைக்கப்பட்டு, இஸ்திரி போட்டுச் சந்தையில் மறுபடி விலைக்குப் போகும். எங்கள் பக்கம் இப்போது அவர்கள் வருவதில்லை. அடுக்குமாடிக் காவலாளி உள்ளே விடவும் மாட்டார்.

அந்த இடத்தை நிரப்ப வந்தவை மாநகராட்சியின் ஆர்ஆர்ஆர் மையங்கள் என்று சொல்லலாம். குறைப்பது, மறுபடி பயன்படுத்துவது, மறுசுழற்சி செய்வது என்ற மூன்றின் சுருக்கம். தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் கீழ் 2023 மே மாதம் நாடெங்கும் நகரங்களில் திறந்தார்கள். துணி, செருப்பு, புத்தகம், பொம்மை என்று தேவைப்படாததை வைத்துவிட்டு வரலாம், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். யோசனை அருமை. நடைமுறை ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு மாதிரி. ஆள் உட்கார்ந்து பார்த்து வாங்குகிற மையம் நன்றாக ஓடும். வெறும் அலமாரியும் பலகையும் மட்டும் இருந்தால் சில வாரங்களில் ஒற்றைச் செருப்புகளின் கூடாரமாகிவிடும். கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை வெறுங்கையோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெசன்ட் நகரில் 2017ல் ஐசா பாத்திமா ஜாஸ்மின் என்ற பல் மருத்துவர் வைத்த "ஐயமிட்டு உண்" பொதுக் குளிர்சாதனப் பெட்டி பலருக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் துணி, புத்தகம் வைக்க ஓர் அலமாரியும் வைத்திருந்தார்கள். அங்கே காவலுக்கு ஒருவர் இருந்தார். வருகிற பொருளைப் பார்த்து வாங்கினார். மாதிரி என்று எதையாவது காட்ட வேண்டுமானால் அதைக் காட்டலாம்.

வீட்டு வேலைக்கு வருகிறவருக்கே கொடுத்துவிடலாமே என்பீர்கள். அதுதான் மிகப் பழைய வழி, போக்குவரத்துச் செலவும் இல்லை. அம்மா வீட்டில் பதினோரு வருடமாக வேலை செய்த அக்காவிடம் கிரைண்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சிரித்துவிட்டார். "எதுக்குண்ணே? அம்மா ஆட்சில குடுத்த கிரைண்டரே எங்க வீட்ல சும்மா கிடக்கு. வைக்க இடம் வேணாமா?" 2011ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை நான் மறந்தே போயிருந்தேன். அதற்கு முந்தைய ஆட்சியில் கலர் டிவியும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஏழை வீட்டில் எதுவுமே இருக்காது என்று நினைத்துக்கொண்டு நாம் கொடுக்கிற பாதிப் பொருள் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது இடம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நம் சோபாவை இறக்கினால் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? அவர்களால் நம்மிடம் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அடுத்த நாள் காலை மறுபடி நம் வாசலில் நிற்க வேண்டியவர்கள். அதனால் வீட்டைத் திறந்து விட்டு, "வேண்டியதை எடுத்து வையுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நான் வெளியே போய்விட்டேன். அவர் எடுத்து வைத்திருந்தது பித்தளை அண்டா, இரண்டு பட்டுப்புடவை, பிரஷர் குக்கர். அண்டாவைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டாலே நல்ல தொகை தேறும். விவரமான தேர்வு. இதைத் தீபாவளி போனஸில் கழிக்க நினைக்கிற வீடுகளும் உண்டு. அது தானமில்லை, கூலி பாக்கி.

காயலான் கடையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை யாரும் எழுதுவதில்லை. "பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்று கிண்டல் செய்தே பழகிவிட்டோம். ஆனால் பேப்பர், இரும்பு, அலுமினியம், தாமிரம், கெட்டிப் பிளாஸ்டிக் இவற்றுக்கு அதைவிட ஒழுங்கான வழி நம் ஊரில் கிடையாது. எடுத்ததில் பெரும்பகுதி கட்டாயம் உருக்காலைக்கோ பேப்பர் மில்லுக்கோ போய்ச் சேரும், ஏனென்றால் அதில்தான் அவருக்குக் காசு. எடைத் தராசில் ஒரு கண் இருக்கட்டும், அவ்வளவுதான்.

அங்கே போடக்கூடாதவை இரண்டு. ஒன்று, பழைய பெட்டி டிவி. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. தாமிரச் சுருளுக்காகக் குழாயை உடைத்துக் கண்ணாடியைக் காலி மனையில் கொட்டுவது சாதாரணமாக நடக்கிறது. இன்னொன்று பிரிட்ஜ். கம்ப்ரசரைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் வாயுவைக் காற்றில் விட்டுவிடுவார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள்படி, விற்ற பொருளின் கழிவுக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்களும் சென்னையைச் சுற்றி இருக்கிறார்கள். புது பிரிட்ஜ் வாங்குவதாக இருந்தால் கடையின் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் பழசைக் கொடுக்காமல் எவ்வளவு குறைப்பீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். வித்தியாசம் சில நேரம் சிரிப்பு வரவழைக்கும்.

சக்கர நாற்காலிக்கும் வாக்கருக்கும் அலையவே இல்லை. வலி தணிப்புச் சிகிச்சை தருகிற ஒரு மையத்தில் கேட்டதும் ஒரே கேள்விதான் வந்தது: பிரேக் பிடிக்கிறதா? மறுநாள் ஆளே வந்து எடுத்துப்போனார். ஒரு நோயாளிக்குப் பிறகு இன்னொருவர் என்று இரவல் கொடுத்துச் சுற்றில் விடுகிறார்கள். இந்தப் பொருள்களைத் தயவுசெய்து பரணில் போட்டு வைக்காதீர்கள். மனசு வராது, தெரியும். எங்களுக்கும் இரண்டு வருடம் ஆனது. பிரித்த மருந்துகளையும் காலாவதியான மருந்துகளையும் மட்டும் எங்கேயும் தானம் என்று கொடுக்க வேண்டாம்.

புத்தகத்தில் மூன்று குவியல் செய்தேன். பழைய தமிழ்ப் பத்திரிகைத் தொகுப்புகள், அப்பா சேர்த்து வைத்திருந்த நாடக நோட்டீஸ்கள், 1960களின் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு குவியல். இந்த மாதிரிக் காகிதத்தை எடைக்குப் போட்டுவிடுவதற்கு முன்னால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த சேகரிப்பை அடித்தளமாக வைத்து 1994ல் உருவானது. நோட்டீஸையும் அழைப்பிதழையும்கூட ஆவணமாகப் பார்க்கிற இடம். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதைத் தவிர்த்து மற்றதைத்தான் எடுப்பார்கள், அதுதானே நியாயம். இரண்டாவது குவியல் நாவலும் கட்டுரையும். சிறைத்துறை 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் "கூண்டுக்குள் வானம்" என்று அரங்கு வைத்துக் கைதிகளுக்காகப் புத்தகம் வாங்கியது நினைவுக்கு வந்தது. அடுத்த காட்சிவரை காத்திருக்க எங்களுக்கு நாள் இல்லாததால், டியூஷன் நடக்கும் அந்தச் சமூகக் கூடத்துக்கே கொடுத்தேன். அங்கேயும் அந்த அம்மா பாதியைத் திருப்பி அனுப்பினார். பாடத்திட்டம் மாறிய கைடுகள் எல்லாம் மூன்றாவது குவியலாகிப் பேப்பர் கடைக்குப் போயின.

மெத்தைதான் யாருக்கும் வேண்டாத பொருள். வாங்குகிற இடம் எதுவுமே இல்லை, அது சரியும்கூட. இலவம்பஞ்சாக இருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. மெத்தை தைக்கிறவரிடம் கொடுத்துப் பஞ்சை அடித்து, புது உறை போட்டு வாங்கலாம். மூன்று மெத்தைப் பஞ்சில் எங்களுக்கு ஒன்றரை மெத்தை தேறியது. ஃபோம் மெத்தை, ஒட்டுப் பலகைக் கட்டில், சோபா என்றால் மாநகராட்சியிடம்தான் போக வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். 1913க்குப் பேசியோ நம்ம சென்னை செயலியிலோ பதிந்து வைக்கலாம். இது தானத்தில் சேராது, குப்பையை முறையாக அகற்றுவது. அப்படியே ஒப்புக்கொண்டு அனுப்பிவிடலாம். போகியன்று வாசலில் எரிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இணையத்தில் விற்கும் வழியும் பார்த்தேன். தேக்கு நாற்காலி மாதிரி ஒன்றிரண்டு நல்ல மரச்சாமான் இருந்தால் பிரயோஜனம். மற்றபடி நூறு போன் வரும், இரண்டு பேர் வருவார்கள். பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று ஒருவன் கட்டாயம் பேசுவான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. போனை வைத்துவிடுங்கள். 25 நாளில் காலி செய்ய வேண்டியவர்களுக்கு இது தோதுப்படாது.

வரிச்சலுகைக்காகப் பொருளாகக் கொடுக்கலாமா என்று அண்ணன் கேட்டார். 80ஜி என்று சொல்லும் வருமான வரிக் கழிவு பணமாகத் தரும் நன்கொடைக்குத்தான், பொருளுக்குக் கிடையாது. ரொக்கமாகத் தந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. யாராவது பழைய சாமானுக்கு 80ஜி ரசீது தருவதாகச் சொன்னால் அந்த இடத்தைப் பற்றி இன்னொரு முறை விசாரியுங்கள்.

ஆக, எங்களைக் கேட்டால் நல்ல துணி தரம் பிரிக்கிற அமைப்புக்கு. ஓடுகிற கருவி, அதை வைத்து வேலை கற்றுத்தருகிற பக்கத்துக் கூடத்துக்கு. உலோகமும் பேப்பரும் காயலான் கடைக்கு. வீட்டு உதவிக்கு வருகிறவருக்கு முதல் தேர்வு, ஆனால் தேர்வு அவருடையது. பக்கத்துக் கூடத்துக்கு இன்னொரு வசதி, கொடுத்த பொருள் என்ன ஆனது என்று போகும்போது வரும்போது கண்ணால் பார்க்கலாம். தையல் மெஷினில் இப்போது யாரோ ஒரு பெண் ஓரம் அடித்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

பீரோவும் அங்கேதான் போனது. பட்டியலில் அந்த அம்மா அடிக்காத நான்கில் அதுவும் ஒன்று. தையல் துணியையும் பதிவேடுகளையும் பூட்டி வைக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்களாம். வெல்டிங்காரரை வரவழைத்துப் பால்கனிக் கம்பியை அறுத்து, வந்த வழியிலேயே கயிறு கட்டி இறக்கினோம். அறுத்ததற்கும் மறுபடி ஒட்டியதற்கும் சேர்த்துக் கொடுத்த கூலி, காயலான் கடையில் பீரோவுக்குச் சொன்ன விலையைத் தாண்டிவிட்டது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் கூடத்திலிருந்து போன். "சார், பீரோ லாக்கர்ல அடித் தட்டுக்குக் கீழ ஒரு கவர் இருக்கு. கேஸ் கனெக்‌ஷன் டெபாசிட் ரசீதாம். வந்து எடுத்துட்டுப் போங்க, இது எங்களுக்கு வேண்டாம்." சிலிண்டரைத் திருப்பி ஒப்படைக்க ஏஜென்சியில் கேட்ட அதே ரசீது. அதற்காக வீட்டைத் தலைகீழாகப் புரட்டியிருந்தோம்.